காலையில் அடித்த துக்கமணி

கிளாரா தூக்குவாளியைத் திறந்து என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"மோந்து பாருங்க மதினி."

சோப்பு வாசம் அடித்தது. உள்ளே ஒரு சோற்றுப் பருக்கை இல்லை. பளபளவென்று இருந்தது.

"நேத்து சாயங்காலம் ஸ்டேஷன்ல சோறு குடுத்தோம்லா? திரும்பி வந்த வாளி இது. கழுவித் தொடச்சுக் குடுத்துருக்காவ. உங்க தம்பி கழுவுவாரா? நீங்களே சொல்லுங்க."

ததேயு என் ஒரே தம்பி. பிறந்ததிலிருந்து தின்ற தட்டை நகர்த்திக்கூட வைத்தவனில்லை. முதலில் அம்மா கழுவினாள், பிறகு நான், கல்யாணத்துக்குப் பிறகு கிளாரா. அந்த விஷயத்தில் எங்கள் மூவருக்கும் அவன்மேல் தீராத கோபம் உண்டு.

"போலீஸ் ஸ்டேஷன்லா. ஒழுங்கா இருக்கச் சொல்லிருப்பாவ. பயத்துல கழுவிருப்பான்" என்றேன்.

சொன்னது வாய்தான். நான் அதை நம்பவில்லை.

கடற்கரைக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த நான் நாசரேத்துக்கு மருமகளாகப் போய், எங்களுக்கு விலக்கான வெள்ளிக்கிழமையில் கறி சமைக்கும் வீட்டில் விழி பிதுங்கி நின்ற கதையைச் சென்ற வாரம் படித்துச் சிரித்ததாகப் பலர் எழுதியிருந்தீர்கள். இந்த வாரம் சிரிக்க அதிகம் இல்லை. இதை எழுதலாமா வேண்டாமா என்று கிளாராவிடமே கேட்டேன். "எழுதுங்க. ஆனா அழுதுட்டே எழுதாதீங்க, ஒண்ணும் புரியாது" என்றாள். அதனால் முடிந்தவரை ஒழுங்காகச் சொல்லப் பார்க்கிறேன்.

கடலுக்குள் இருந்து பார்த்தவன்

எங்கள் ஊர் பெரியதாழைக்குப் பக்கம். பெயர் வேண்டாம். இதில் வருகிறவர்கள் அங்கேதான் குடியிருக்கிறார்கள்.

ததேயு சங்கு குளிக்கிறவன். சீசனுக்குத் தூத்துக்குடி போய் அங்கே ஒரு தோணியில் சேர்ந்துகொள்வான். எங்கள் தாத்தா முத்துக் குளித்தவர். "அவரு முத்த எடுத்துட்டாரு, எனக்கு மிஞ்சுனது சங்கும் காதுவலியும்" என்பான். நான் கணக்கு டீச்சர் என்பதால், சங்கை விற்றுவிட்டு வந்ததும் எனக்குப் போன் போட்டு, வியாபாரி தன்னை ஏமாற்றவில்லையே என்று கேட்பான். எப்போதும் ஏமாற்றித்தான் இருப்பான் வியாபாரி. இவன் சிரித்துக்கொண்டே வைத்துவிடுவான்.

சில வருடங்களுக்கு முன் ஒரு சீசனில், விடிந்தும் விடியாத நேரம், துறைமுகத்துக்கு வெளியே அவனுடைய தோணி நின்றுகொண்டிருந்தது. மற்றவர்கள் மறுபக்கம் நங்கூரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு லாஞ்ச் இவன் இருந்த பக்கமாகக் கடந்து போனது. அதில் ஒரு ஆளை நாலைந்து பேர் அமுக்கி உட்கார வைத்திருந்தார்கள். அந்த ஆள் இவனை நிமிர்ந்து பார்த்தார். அவர் துறைமுகத் தொழிலாளர் சங்கத் தலைவர். அவர் தோளைப் பிடித்திருந்தவர் ஒரு மாஜி எம்.எல்.ஏ.வின் மைத்துனர். இரண்டு முகங்களும் ததேயுவுக்குத் தெரியும். போஸ்டர் ஒட்டாத சுவர் எங்கள் பக்கத்தில் எங்கே இருக்கிறது?

கொஞ்ச நாளில் தலைவரின் உடல் கரை ஒதுங்கியது. மாஜி எம்.எல்.ஏ.மேல் கொலை வழக்கு வந்தது. யாரும் கூப்பிடாமல் ததேயு தானாகவே போய்ப் பார்த்ததைச் சொன்னான். அரசுத் தரப்பில் அவன் ஒரு முக்கியச் சாட்சி ஆனான்.

"ஏலே, ஒனக்கு எதுக்குலே இந்த வேல?" என்று போனில் கத்தினேன்.

"அந்த ஆளு என்னையப் பாத்தாரு அக்கா" என்றான்.

அதற்கு மேல் அவனிடம் காரணம் எதுவும் இருக்கவில்லை. நானும் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்.

வழக்கு எல்லா வழக்குகளையும் போல இழுத்தது. அவன் சாட்சிக்கூண்டில் ஏற வேண்டிய சமயம் நெருங்கியபோது, ஊரில் ஒரு வலைத் தகராறு நடந்தது. யாரோ இருவர் மணலில் கட்டிப் புரண்டார்கள். ததேயு விலக்கிவிடக்கூடப் போகவில்லை. ஆனாலும் ஒரு போலீஸ்காரர் வந்து, ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சாயங்காலம் அனுப்பிவிடுவதாகச் சொல்லி, அவனைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு போனார். அன்று சாயங்காலம் அவன் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. நான் லீவு போட்டுவிட்டு நாசரேத்திலிருந்து ஓடி வந்தேன். வேளைக்கு வேளை சோறு மட்டும் ஸ்டேஷனுக்குள் போனது. எங்களை உள்ளே விடவில்லை.

"குழி எங்கன வெட்ட?"

அன்று காலை, அந்தக் கழுவிய வாளியில் கிளாரா மறுபடி சோற்றை எடுத்து வைத்தாள். கரையில் மீன் ஏலம் நடக்கிற சத்தம் வீடுவரை கேட்டது. அப்போதுதான் கோயில் மணி அடித்தது.

எங்கள் ஊரில் துக்கமணி ஆணுக்கு ஒரு மாதிரி அடிக்கும், பெண்ணுக்கு ஒரு மாதிரி, சின்னப் பிள்ளைக்கு இன்னொரு மாதிரி. கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரருக்கு இதை விளக்கியபோது, "இதுக்கும் சிலபஸ் வச்சிருக்கீங்களா?" என்று கேட்டவர் அவர். கிளாரா கரண்டியைப் பிடித்தபடியே காதைக் கொடுத்துக் கேட்டாள்.

"ஆம்பள மணி" என்றாள். "மிக்கேல் தாத்தாவாத்தான் இருக்கும். ரொம்ப நாளா இழுத்துட்டுக் கெடந்தாரு. பாவம்."

இருவரும் சிலுவை போட்டுக்கொண்டோம். மிக்கேல் தாத்தா வீடு அடுத்த தெருவில். ஆட்கள் நடந்து வரும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் அடுத்த தெருவுக்குத் திரும்பாமல் எங்கள் தெருவுக்குள் வந்தது. ஜன்னல் வழியே பார்த்தேன். பெண்கள் வந்து எங்கள் வாசலுக்குக் கொஞ்சம் தள்ளி நின்றார்கள். யாரும் கிட்டே வரவில்லை. ஒருத்தி மாராப்பை இழுத்து வாயை மூடிக்கொண்டு நின்றாள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு சந்தியாகு அண்ணன் வந்தார். அவர் எங்கள் ஊர்க் கோயில்பிள்ளை. மணி அடிப்பது, கோயிலைப் பெருக்குவது, கல்லறையில் குழி வெட்ட ஆள் சொல்வது எல்லாம் அவர் வேலை. தோள் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலில் நின்றார்.

"ஜெசிந்தா, குழி எங்கன வெட்டச் சொல்லட்டும்? அம்மா அப்பா குழியத் தொறக்கவா, புதுசா வெட்டவா?"

"யாருக்கு?" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் நின்ற கிளாராவைப் பார்த்தார்.

"உங்களுக்குத் தெரியும்னுலா நெனச்சேன்... பங்குச் சாமியாரு வீட்டுப் போனுல ஸ்டேஷன்ல இருந்து பேசுனாவ. சாமியாரு பூசைக்குப் போயிருந்தாரு, நான்தான் எடுத்தேன். ததேயு தவறிட்டான், ஊருக்குச் சொல்லிருங்கன்னாவ. நான் ஓடிப்போயி..."

கிளாரா கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தாள். போட்டுவிடவில்லை. குழம்பு சிந்தாமல், மெதுவாக, சுவரோரமாக வைத்தாள்.

யாருக்கு அடித்த மணி?

ஸ்டேஷனுக்கு ஓடினோம். வாசலில் நின்ற போலீஸ்காரர், "அவருக்கு வலிப்பு வந்துருச்சும்மா, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கு. உசுருக்கு ஒண்ணும் இல்ல" என்றார்.

அந்த நிமிடத்தில் எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்வேன்! ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போகும் வழியெல்லாம், ஊரில் இருந்த சந்தியாகு அண்ணனைத் திட்டினேன். கிழவருக்குக் காது போய்விட்டது, மூளை போய்விட்டது, சாமியாரிடம் சொல்லி அவரை வேலையிலிருந்து எடுக்கவில்லை என்றால் என் பெயர் ஜெசிந்தா இல்லை என்றெல்லாம் கத்தினேன். கிளாரா ஆட்டோக் கம்பியைப் பிடித்தபடி ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஆஸ்பத்திரியில் உள்ளே விடவில்லை. சிகிச்சை நடக்கிறது, காத்திருங்கள் என்றார்கள். பெஞ்சில் உட்கார்ந்தோம். பினாயில் வாசம் குமட்டியது. கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்தோம். யாரோ ஒருவரின் ரத்தப் பரிசோதனைச் சீட்டைத் தேடி ஒரு நர்ஸ் வருவாள், போவாள். நான் அவள் முகத்தைப் படிக்கப் பார்த்தேன். வெயில் வராந்தாவின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குப் போய்விட்டது.

பிற்பகலில் ஒரு டாக்டர் வெளியே வந்தார். சின்ன வயதுக்காரர். "எவ்வளவோ பாத்தோம்மா. இப்பத்தான் இறந்தாரு" என்றார். அவர் பின்னால் இன்ஸ்பெக்டர் நின்றார்.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். கிளாரா நின்றுகொண்டே இருந்தாள்.

"இப்பத்தான் செத்தாருன்னா, காலையில யாருக்கு சார் மணி அடிச்சாவ?"

டாக்டருக்கு அவள் கேட்டது புரியவில்லை. இன்ஸ்பெக்டருக்குப் புரிந்தது. அவர் உடனே போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு நகர்ந்தார். போன் மணி அடித்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை.

இதில் இருக்கிற வித்தியாசம் சின்னதல்ல. காலையில் ஸ்டேஷனுக்குள் செத்தான் என்றால், எப்படிச் செத்தான் என்று அங்கே இருந்தவர்கள் பதில் சொல்ல வேண்டும். பிற்பகலில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் வலிப்பில் செத்தான் என்றால், அது அவன் தலையெழுத்து. வலிப்பு என்று யார் சொன்னது என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. வலிப்பு உள்ளவனை எந்தத் தோணியிலாவது சங்கு குளிக்க ஏற்றுவார்களா? குளிக்கிறவனின் உயிர்க்கயிற்றை மேலே பிடித்திருக்கிறவன் சம்மதிப்பானா?

என்னிடம் கணக்குப் படித்த பையன் ஒருவன் தூத்துக்குடியில் வக்கீலாக இருக்கிறான். படிக்கும்போது கணக்கில் சுமார்தான். அன்று அவன்தான் எங்களுக்குக் கிடைத்த ஒரே பிடி. "டீச்சர், உடம்பை வாங்கிராதீங்க. வேற டாக்டர்களை வச்சு மறுபடி போஸ்ட்மார்ட்டம் பண்ணச் சொல்லிக் கோர்ட்டுல கேட்போம். போன் வந்ததுக்கும் ரிக்கார்டு கேட்கலாம். ஆனா அதுக்கெல்லாம், மணி காலையிலதான் அடிச்சுதுன்னு யாராவது மாஜிஸ்திரேட் முன்னால சொல்லணும். போனை எடுத்தவரே சொல்லணும்" என்றான்.

அது பெரிய காரியமாகவே அப்போது தோன்றவில்லை. ஊரே கேட்ட மணிதானே!

கரையிலேயே நின்ற வள்ளங்கள்

எங்கள் ஊரில் துக்கமணி அடித்துவிட்டால், அடக்கம் முடிகிறவரை ஒரு வள்ளமும் கடலுக்குப் போகாது. பணக்காரன், பரதேசி என்ற வித்தியாசம் கிடையாது. யார் சொல்லிவைத்ததோ, யாரும் மீறியதில்லை.

எனக்கு விவரம் தெரிந்த வயதில் ஒரு சித்தப்பா கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. அவருக்கு மணி அடிக்கவில்லை. அடித்தால் வள்ளங்கள் கரையேறிவிடும், பிறகு யார் போய்த் தேடுவது? சித்தி மணியில்லாமலே வெகுகாலம் இருந்தாள். தாலியும் கழற்றவில்லை, பொட்டும் அழிக்கவில்லை. பிறகு ஒருநாள் அவளே சாமியாரிடம் போய், "அடிச்சிருங்க சாமி, தேடுனவங்க எல்லாம் கெழவனாயிட்டாவ" என்றாளாம். மணி என்றால் எங்களுக்கு அத்தனை கணக்கு உண்டு.

ததேயு உடலை வாங்க மாட்டோம் என்று நாங்கள் சொன்னோம். வள்ளங்கள் கரையில் வரிசையாக நின்றன. முதலில் ஊரே எங்களோடு ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்தது. கோஷம் போட்டார்கள், டீ வாங்கிக் கொடுத்தார்கள். ஆனால் அது சாளை மீன் கொட்டுகிற சமயம். பக்கத்து ஊர் வள்ளங்கள் எங்கள் கண்முன்னே போய் அள்ளிக்கொண்டு வந்தன. ஐஸ் ஏற்றிய வண்டிகள் எங்கள் ஊரில் நிற்காமல் போயின. நாளாக ஆக ஆஸ்பத்திரி வாசலில் கூட்டம் மெலிந்தது. வந்தவர்களும் என் கண்ணைப் பார்க்காமல் பேசினார்கள்.

"மணி அடிக்கச் சொல்லிப் போன் பண்ணுனதே இதுக்குத்தான் டீச்சர்" என்றான் வக்கீல். "உங்க ஊர்ப் பழக்கம் தெரிஞ்ச எவனோ செஞ்ச வேலை. ஊரே உங்களை நெருக்கி உடம்பை வாங்க வச்சிரும்னு கணக்குப் போட்டிருக்கான். அவசரத்துல நேரத்தை யோசிக்க மறந்துட்டான்."

கிளாரா அதை ஒப்புக்கொள்ளவே இல்லை. "இல்ல. அதுக்குள்ள ஒரு நல்ல மனுசன் இருந்துருக்கான். பொஞ்சாதிக்குத் தெரியட்டும்னு பேசிருக்கான்" என்றாள். பேசியவர் குரலைத் தணித்து, அவசரமாகப் பேசினார் என்று சந்தியாகு அண்ணன் முதல் நாள் எங்களிடம் சொல்லியிருந்தார். இரண்டில் எது உண்மை என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அந்தச் சந்தியாகு அண்ணன்தான் ஊர்க் கூட்டத்தில் எழுந்து எங்கள் தலையில் கல்லைப் போட்டார்.

"போனு ஒண்ணும் வரல. மிக்கேல் தாத்தா தவறிட்டாருன்னு நெனச்சுத் தப்பா அடிச்சிட்டேன்" என்றார். மனப்பாடம் செய்த பையன் ஒப்பிப்பதை எத்தனை வருடம் கேட்டவள் நான். யாரோ வந்து சொல்லிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

சொல்லிக் கொடுத்தவருக்கு எங்கள் ஊர் தெரியவில்லை. உயிரோடு இருக்கிறவருக்குத் துக்கமணி அடித்தேன் என்று ஒரு கோயில்பிள்ளை சொல்லக் கூடாது. அதைவிடக் கேவலம் அவருக்கு வேறில்லை. மிக்கேல் தாத்தாவின் மகள் கூந்தலை அள்ளி முடிந்துகொண்டு எழுந்துவிட்டாள்.

"சந்தியாகண்ணே, எங்கப்பா அன்னைக்குக் காலையில ரெண்டு தோச தின்னுட்டு, சட்னியில உப்பு இல்லன்னு என்னைய ஏசிட்டு இருந்தாரு. அவருக்கா மணி அடிச்சீரு? அப்படின்னா குழி கேக்க எங்க வீட்டுக்குலா வந்துருக்கணும், எதுக்கு கிளாரா வீட்டுக்குப் போனீரு?"

கூட்டத்தில் ஒன்றிரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். சந்தியாகு அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனார். சொன்னது பொய் என்று அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய? மாஜிஸ்திரேட் முன்னால் வந்து சொல்ல ஒருவரும் எழவில்லை.

ஞானப்பூ மதினி கேட்டது

மறுநாள் நான் சந்தியாகு அண்ணன் வீட்டுக்குப் போனேன். கெஞ்சுவதா, சண்டை போடுவதா என்று முடிவு செய்யாமலே போனேன். அவர் பின்பக்கம் போய்விட்டார். அவர் மனைவி ஞானப்பூ மதினிதான் வந்தார். கையில் மீன் செதில் ஒட்டியிருந்தது. உட்காரச் சொல்லவில்லை.

"ஏளா ஜெசிந்தா, நீ எதுக்கு வந்துருக்கேன்னு தெரியும். ஒரு கேள்வி கேக்கேன், பதில் சொல்லிட்டுப் பேசு. ஒன் தம்பி பாத்தத சொன்னான். இப்ப எங்க இருக்கான்?"

மதினி கையில் இருந்த செதிலைச் சேலையில் துடைத்தார்.

"எங்க வீட்டுக்காரரு கேட்டத சொல்லணும்னு வந்து நிக்கே. அவரு எங்க இருக்கணும்ங்கே?"

கரும்பலகை முன்னால் நின்றே வயிறு வளர்த்தவள் நான். பிழை கண்டுபிடிப்பதுதான் என் தொழில். அவர் சொன்னதில் பிழை எங்கே? ததேயுவைக் கொன்றது வலிப்போ அடியோ, அவனைக் கொண்டுபோனது சாட்சி என்கிற பெயர்தான். அதே பெயரை இந்த மனிதருக்கு வைக்கத்தான் நான் வந்திருந்தேன். அவர் சொல்லாவிட்டால் என் தம்பி வலிப்பில் செத்தவனாகப் போய்விடுவான். சொன்னால் இவருக்கு என்ன ஆகும் என்று எனக்கே பயமாக இருந்தது. செருப்பைக் காலில் மாட்டத் தெரியாமல் கையில் எடுத்துக்கொண்டு திரும்பினேன்.

கிளாராவிடம் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே அடுப்பை அணைத்தாள். பிறகு, "மதினி, மணிய அடிச்சது அவரு ஒருத்தரு. கேட்டது அவரு ஒருத்தரா?" என்றாள்.

அன்று அவளே கூட்டத்துக்குப் போனாள். எங்கள் ஊரில் பெண்கள் கூட்டத்தில் ஓரமாக உட்கார்ந்து பேசுவதோடு சரி. அவள் நடுவில் போய் நின்றாள். குரல் உடைந்து உடைந்துதான் வந்தது.

"வள்ளம் நிக்கது என்னால. எனக்குத் தெரியும். உடம்ப மறுபடி பாக்கச் சொல்லிக் கோர்ட்டு உத்தரவு போட்டுருக்கு, அத பாத்து முடிச்சிருவாவ. மாஜிஸ்திரேட்டு விசாரிக்க நம்ம ஊருக்கே வாராராம். அன்னைக்கு மணி கேட்டவங்க எல்லாரும் வந்து, கேட்டேன்னு சொல்லுங்க. சொன்ன மறுநாளு நான் உடம்ப வாங்கிருதேன். சொல்லலன்னா வாங்க மாட்டேன். நீங்க என்னைய ஊரவிட்டு ஒதுக்குனாலும் சரி."

"ஏளா, ஊரையே மெரட்டுதியா?" என்று கேட்டார் ஊர்த் தலைவர்.

"ஆமா மாமா" என்றாள் கிளாரா. "ஒருத்தரு சொன்னா தூக்கிட்டுப் போவாவ. எல்லாரும் சொன்னா யாரத் தூக்குவாவ?"

கூட்டம் கலைந்தது. வருவோம் என்று யாரும் சொல்லவில்லை.

ஏலம் நின்ற நேரம்

மாஜிஸ்திரேட் கோயில் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் வந்து உட்கார்ந்தார். கிளாரா சொன்னாள், நான் சொன்னேன். பிறகு வெகுநேரம் ஒருவரும் வரவில்லை. மாஜிஸ்திரேட் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஊர் கைவிட்டுவிட்டது என்றே நினைத்தேன்.

முதலில் வந்தவள் மிக்கேல் தாத்தாவின் மகள். அப்பா தோசை தின்ற கதையை மாஜிஸ்திரேட்டிடமும் சட்னி விடாமல் சொன்னாள். அவளுக்குப் பின்னால் நாலு பெண்கள். அப்புறம் தெருவில் செருப்புச் சத்தம் கேட்க ஆரம்பித்தது.

"மணி அடித்தது காலையில்தான் என்று எப்படி அவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள்?" என்று மாஜிஸ்திரேட் ஒருத்தியிடம் கேட்டார்.

"ஏலம் நடந்துட்டு இருந்துச்சு சார். என் கூடைக்குத்தான் வெல சொல்லிட்டு இருந்தாவ. மணி கேட்டதும் ஏலக்காரரு தலையில இருந்த துண்ட எடுத்துட்டாரு. எடுத்துட்டா அன்னைக்கு ஏலம் கெடயாது. என் சாள அப்படியே கெடந்து நாறிப் போச்சு சார். மத்தியானம் எங்க ஊருல ஏது ஏலம்?"

ஒருத்தி பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள். ஒருத்தி சாகுபுரம் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருந்த மகனுக்குச் சோறு கொடுத்தனுப்பிக்கொண்டிருந்தாள். கேட்டதும் எல்லாரும் கையில் இருந்ததை அப்படியே போட்டுவிட்டு யார் என்று பார்க்கப் போயிருக்கிறார்கள். ஏலக்காரர் வந்தார். ஆண்களும் வந்தார்கள். வருவார்கள் என்று நான் நம்பியிருந்த சிலர் வரவில்லை. அவர்கள் பெயரை இங்கே எழுதக் கை பரபரக்கிறது. கிளாரா கூடாது என்று சொல்லிவிட்டாள்.

கடைசியாக ஞானப்பூ மதினி, சந்தியாகு அண்ணனைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார். என்னைக் கடக்கும்போது நின்றார்.

"எல்லாரும் சொன்ன பொறவு இவரு ஒருத்தரு மட்டும் சொல்லாம நின்னா, அதுதான் இவருக்கு ஆபத்து" என்றார்.

சந்தியாகு அண்ணன் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். போன் வந்ததையும், அதில் சொன்னதையும், தான் ஓடிப்போய் மணி அடித்ததையும், குழி கேட்க எங்கள் வாசலுக்கு வந்ததையும் சொன்னார். முடித்துவிட்டு, "தாத்தாவுக்கு அடிச்சேன்னு சொன்னது பொய்யி சார். அத எழுதிக்கிடுங்க" என்றார். எனக்கு வந்தது நிம்மதியா பயமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் கிளாரா உடலை வாங்கினாள். அம்மா அப்பா குழியிலேயே அவனை வைத்தோம். அடுத்த விடியலில் வள்ளங்கள் போயின. நான் கரைக்குப் போய்ப் பார்க்கவில்லை. இன்ஜின் சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது. அந்த மாஜி எம்.எல்.ஏ. வழக்கு ததேயுவின் சாட்சி இல்லாமலே இன்னும் நடக்கிறது. மறுபடி உடம்பைப் பார்த்த டாக்டர்களின் ரிப்போர்ட் கோர்ட்டில் கிடக்க, ததேயு வழக்கும் நடக்கிறது. எது எப்போது முடியும் என்று வக்கீலுக்கும் தெரியாது.

ஸ்டேஷன் வளாகத்தில்

அதற்குச் சில மாதங்கள் கழித்து, ததேயுவின் நினைவுப் பூசைக்காக ஊருக்குப் போயிருந்தேன். பூசை முடிந்து வெளியே வரும்போது கோயில் வாசலில் ஒரு போலீஸ் ஜீப் நின்றது. சந்தியாகு அண்ணனிடம் சின்னதாக ஒரு விளக்கம் வேண்டும் என்றார்கள். ஏறச் சொன்னார்கள்.

ஞானப்பூ மதினி என்னைப் பார்த்த பார்வையை நான் தாங்கவில்லை.

"ஜீப்பு வேண்டாம் சார்" என்றாள் கிளாரா. "நீங்க போங்க. நாங்க கூட்டிட்டு வாறோம்."

மீன் ஏற்றுகிற டெம்போ ஒன்று கோயிலுக்குப் பின்னால் நின்றது. பூசைக்கு உடுத்திய சேலையோடு பெண்கள் அதில் ஏறினார்கள். மிக்கேல் தாத்தாவின் மகள் ஏறினாள். கூடை நாறிப்போனவள் ஏறினாள். சந்தியாகு அண்ணன் நடுவில். இடம் இல்லாமல் நான் பின்பலகையில் தொங்கிக்கொண்டு போனேன். என் வீட்டுக்காரர் பார்த்திருந்தால் மயங்கி விழுந்திருப்பார்.

ஸ்டேஷனில் அவரை உள்ளே கூட்டிப் போனார்கள். நாங்கள் வெளியே வெயிலில், பறிமுதல் செய்து நிறுத்தியிருந்த பைக்குகளுக்கு நடுவே உட்கார்ந்தோம். யாரும் கோஷம் போடவில்லை. ஒருத்தி செபமாலை சொன்னாள். நான் உள்ளே கேட்கிற ஒவ்வொரு சத்தத்துக்கும் எழுந்து எழுந்து உட்கார்ந்தேன். நாற்காலி இழுபடும் சத்தத்துக்குக்கூட.

கொஞ்ச நேரத்தில் இன்ஸ்பெக்டர் வெளியே வந்தார். இவர் புதிதாக மாற்றலாகி வந்தவர். எங்களை ஒரு சுற்றுப் பார்த்தார். எரிச்சலை அடக்கிக்கொண்டுதான் பேசினார்.

"ஒரே ஒரு ஆளைக் கூப்பிட்டேன். அதுக்கு இத்தனை பேர் எதுக்கும்மா வந்திருக்கீங்க?"

கிளாரா எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னாள்.

"போன தடவ ஒத்தையில அனுப்பிட்டோம் சார்."

அவர் திரும்பி உள்ளே போனார். சந்தியாகு அண்ணன் அந்தக் கதவு வழியாக நடந்து வெளியே வருகிறவரை எங்களில் ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை.